காது அடைத்தால் வழி தொண்டையில்

சுசீந்திரத்திலிருந்து கொடைக்கானலுக்குப் போகிறீர்கள். சுமார் 2,100 மீட்டர் ஏற்றம். மேலே காற்றழுத்தம் நம்மூரில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மலைப்பாதையில் காது அடைப்பது அதனால்தான்.

அழுத்தம் குறைந்தால் காதுக்கு என்ன?

செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிறைந்த சிறு அறை ஒன்று உண்டு (நடுச்செவி). உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் ஒன்றாக இருந்தால்தான் செவிப்பறை நன்றாக அதிரும். இல்லாவிட்டால் அது ஒரு பக்கமாகப் புடைக்கும். சத்தம் மந்தமாகும், வலிக்கும்.

சரிசெய்வது எது?

நடுச்செவியிலிருந்து மூக்கின் பின்புறத்துக்குச் செல்லும் ஒரு குழல் (யூஸ்டேசியன் குழல்). பெரியவர்களுக்கு அதன் நீளம் சுமார் மூன்றரை சென்டிமீட்டர். சாதாரணமாக மூடியிருக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்துத் தசை அதை ஒரு கணம் திறந்துவிடும்.

இறங்கும்போதுதானே அதிகம் வலிக்கிறது?

ஆமாம். ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று குழலைத் தள்ளித் தானே வெளியேறிவிடும். இறங்கும்போது காற்று உள்ளே போக வேண்டும். குழலைத் திறக்க நீங்கள்தான் உதவ வேண்டும். மிட்டாய் சப்புங்கள், அடிக்கடி விழுங்குங்கள். வலி வருமுன்பே தொடங்குங்கள். திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கும் நேரத்தில் தூங்காதீர்கள். கைக்குழந்தைக்கு அப்போது பால் கொடுங்கள். அப்படியும் திறக்காவிட்டால் வாயை மூடி, மூக்கைப் பொத்தி, மெதுவாக ஊதலாம். பலமாக ஊதக் கூடாது. சளி இருக்கும்போது ஊதவே வேண்டாம்.

குளத்தில் முங்கினாலும் வலிக்கிறதே?

தண்ணீர் கனமானது. இரண்டு மீட்டர் ஆழத்தில் முங்கினால் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். கொடைக்கானலுக்கு மணிக்கணக்கில் ஏறும்போது வரும் மாற்றம் இங்கே சில நொடிகளில் வருகிறது. காது வலித்தால் மேலே வந்துவிடுங்கள்.

சளி பிடித்திருந்தால்?

குழலின் வாய் வீங்கி அடைத்துக்கொள்ளும். அப்போது முங்கிக் குளிக்க வேண்டாம். விமானப் பயணம் இருந்தால் முன்னதாக மருத்துவரிடம் கேளுங்கள். குழந்தைகளுக்கு இந்தக் குழல் குட்டையாகவும் சரிவு குறைவாகவும் இருக்கும். சளி பிடித்தாலே அவர்களுக்குக் காதுவலி வருவது இதனால்தான்.

காதில் எண்ணெய் விட்டால் திறக்குமா?

திறக்காது. எண்ணெய் செவிப்பறையோடு நின்றுவிடும்; குழல் இருப்பது அதற்கு அப்பால்.

எப்போது மருத்துவரிடம் போவது?

அடைப்பு சில நாட்களில் விலகாவிட்டால் போங்கள். கடும் வலி, தலைசுற்றல், சீழ், ரத்தம், திடீரெனக் காது கேளாமை இருந்தால் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது.