கடலை வென்ற மலபார்த் தேக்கு

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள ஹார்டில்பூல் துறைமுகத்தில், மூன்று பாய்மரங்களோடு நிற்கிறது ‘டிரின்கோமலி’ என்ற போர்க்கப்பல். நம் ஈழத்துத் திருகோணமலையின் பெயர்தான் அது. பம்பாயில் கட்டப்பட்டு 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறங்கிய இக்கப்பல்தான், பிரிட்டனில் இன்றும் மிதக்கும் போர்க்கப்பல்களில் மிக மூத்தது.

இது ‘ஃபிரிகேட்’ வகையைச் சேர்ந்தது. அக்காலப் பெரும் போர்க்கப்பல்களில் இரண்டு, மூன்று தளங்களில் பீரங்கிகள் நிற்கும். பலம் அதிகம், வேகம் குறைவு. கடல் கொந்தளித்தால் தண்ணீர் புகாமலிருக்கக் கீழ்வரிசைப் பீரங்கிச் சாளரங்களை அடைத்துவிட வேண்டும். அங்குள்ள கனமான பீரங்கிகள் பயன்படாமல் போகும். ஃபிரிகேட்டுக்கு முழுநீளப் பீரங்கித் தளம் ஒன்றே. அது நீர்மட்டத்துக்கு மேல் நல்ல உயரத்தில் இருந்ததால், அலை பெருத்தபோதும் சுட முடிந்தது. அதற்குக் கீழ்த்தளத்தில் பீரங்கிகள் இல்லை. மாலுமிகள் தொங்கு படுக்கை கட்டித் தூங்கினார்கள். எதிரியை வேவு பார்க்க, வணிகக் கப்பல்களுக்குக் காவல் போக, தனித்து நெடுந்தூரம் ஓட ஏற்ற அமைப்பு இது.

இதன் வடிவம் பிரெஞ்சு மூலத்திலிருந்து வந்தது. 1782-இல் பிடிபட்ட ‘ஹெபே’ என்ற கப்பலை ஒட்டி, ‘லீடா’ வகைக் கப்பல்களைப் பிரிட்டிஷார் வடிவமைத்தார்கள். டிரின்கோமலியும் அவ்வகையே. அந்த வரைபடத்தைப் பம்பாய்க்குக் கொண்டுவந்த ‘ஜாவா’ கப்பலை 1812 டிசம்பரில் பிரேசிலுக்கு அருகே அமெரிக்கர்கள் வீழ்த்தினார்கள். வேறொரு பிரதி வந்து சேர்ந்து, 1816-இல்தான் வேலை தொடங்கியது.

கட்டியவர் பார்சி இனத்தவரான ஜம்ஷெட்ஜி பொமான்ஜி வாடியா. கப்பலின் முதுகெலும்பான அடிமரத்தில் வெள்ளி ஆணி ஒன்றை அறைந்து, தங்கள் மரபுப்படி வேலையைத் தொடங்கினார்கள். உடல் முழுக்க மலபார்த் தேக்கு. பிரிட்டனில் வழக்கமாகக் கப்பல் கட்டப் பயன்பட்ட ஓக் மரத்தில் உள்ள டானிக் அமிலம் இரும்பை அரிக்கும். தேக்கின் எண்ணெய்ப் பசை இரும்பு ஆணியைக் காக்கும். மரத்தை உளுக்கவும் விடாது.

1819-இல் இங்கிலாந்து சேர்ந்தபோது நெப்போலியன் போர் முடிந்திருந்தது. பல ஆண்டுகள் சும்மா நின்ற பிறகு, 1847 முதல் 1857 வரை அட்லாண்டிக்கிலும் பசிபிக்கிலும் பணியாற்றியது. பின்னர் வேறு பெயரில் இளைஞர்களின் பயிற்சிக் கப்பலாக 1986 வரை உழைத்தது. ஹார்டில்பூலில் நடந்த சீரமைப்பு 2001-இல் நிறைவடைந்தது. இன்றும் அதன் உடலில் பாதிக்கு மேல் பழைய மரமே இருக்கிறது. வடிவத்துக்கான பெருமை ஐரோப்பாவைச் சேரட்டும். இருநூறு ஆண்டுகள் நிலைத்ததற்கான பெருமை மலபார்த் தேக்குக்கும் பம்பாய்த் தச்சர்களுக்கும் உரியது.