விமானப் பயணத்தில் தூரமும் நேரமும் பொருந்தாதது ஏன்?

தருமபுரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. வெளிநாடு செல்வோர் பெரும்பாலும் கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகத் தேவனஹள்ளியிலுள்ள பெங்களூரு விமான நிலையத்துக்கே போகிறார்கள். நேர்கோட்டில் அது சுமார் 130 கி.மீ.; சாலையில் 160-க்கும் மேல். ஆகாயத்தில் வளைவு இல்லையே என்று தோன்றும். இருக்கிறது.

பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு மிகக் குறைந்த தூரம் ஏறத்தாழ 14,000 கி.மீ. சுவர் வரைபடத்தில் இரு நகரங்களையும் அளவுகோலால் இணைத்து, திசை மாறாமல் அந்தக் கோட்டிலேயே பறந்தால் சுமார் 2,000 கி.மீ. கூடும். உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்ததன் விளைவு இது. பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால் அது வடக்கே ஏறி, ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டிவிட்டுத்தான் கலிபோர்னியாவுக்கு இறங்கும்.

தூரம் மட்டும் நேரத்தைத் தீர்மானிப்பதில்லை. சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று, கிழக்கே போகும் விமானத்தைத் தள்ளிவிடும். எதிரே வருவதைத் தடுக்கும். 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வடதுருவப் பகுதி வழியாகப் பெங்களூரு வந்தார்கள். துருவத்தைச் சுற்றினாலும் கூடுதல் தூரம் 400 கி.மீ. அளவுதான், எதிர்க்காற்றின் தொல்லையோ குறைவு. 9-ந் தேதி இரவு புறப்பட்டு 11-ந் தேதி அதிகாலை இறங்கினாலும், பயணம் சுமார் 17 மணி நேரமே. மீதி, இரு ஊர்க் கடிகாரங்களுக்கும் இடையிலுள்ள பதின்மூன்றரை மணி நேர வித்தியாசம்.