கேள்வி ஞானமும் ஆறு அலைகளும்

குருமுகமாகப் பாடம் கேளாமல், கோயில் மண்டபத்திலும் கல்யாணப் பந்தலிலும் நாதஸ்வரத்தைக் கேட்டுக் கேட்டே ராகத்தை இனம் கண்டுகொள்ளும் திறமை வாய்த்தவரை, 'கேள்வி ஞானம் உள்ளவர்' என்று நம் பெரியவர்கள் சொல்வது வழக்கம். முறையான சிட்சைக்கு ஒரு படி கீழே வைத்துச் சொல்லும் சொல் அது. ஆனால் குரு என்று ஒருவர் பிறப்பதற்கு முன்பே வாத்தியம் பிறந்துவிட்டால் என்ன செய்வது? அதைச் செய்தவர்களுக்கே அதன் முழு சக்தியும் தெரியாத நிலையில், வாங்கியவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டும், ஒருவர் வாசிப்பதை ஒருவர் கேட்டுமே அதைக் கற்றாக வேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டால், அங்கே கேள்வி ஞானம்தான் முதல் ஞானம். 1983-ஆம் ஆண்டு ஜப்பானின் யமஹா நிறுவனம் வெளியிட்ட டி.எக்ஸ். 7 என்னும் மின்னணு வாத்தியத்தின் சரித்திரம் இதற்குச் சரியான சாட்சி.

அதற்கு முன்பு வந்த சிந்தசைசர்களின் முகத்தில் வரிசை வரிசையாகத் திருகுகள் இருந்தன. ஒன்றைத் திருகினால் சப்தம் கூர்மையாகும், இன்னொன்றைத் திருகினால் மழுங்கும். கை செய்ததைக் காது உடனே அறிந்துகொண்டது. டி.எக்ஸ். 7-இல் அந்தத் திருகுகளே இல்லை. 61 கட்டைகள், தட்டையான பொத்தான்கள், எண்ணை ஏற்றி இறக்க ஒரு தள்ளுகோல், வரிக்கு 16 எழுத்தாக இரண்டே வரி காட்டும் சிறு கண்ணாடி - இவ்வளவுதான். அந்தச் சின்னஞ்சிறு ஜன்னலுக்குப் பின்னால், ஒரு சப்தத்தை நிர்ணயிக்க 145 எண்கள் ஒளிந்திருந்தன. ஒரு நேரத்தில் ஓர் எண்ணைத்தான் பார்க்க முடியும். மற்ற 144-ஐயும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சிக்கலின் வேரைப் பார்க்க 1967-க்குப் போக வேண்டும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில், ஜான் சௌனிங் என்ற இளம் இசையமைப்பாளர், கணினியில் எழுப்பிய ஒரு ஸ்வரத்தை, பாடகர் குரலை அசைப்பதுபோல மெல்ல அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அசைவின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனபோது ஒரு கட்டத்தில் அசைவு அசைவாகக் கேட்பது நின்று, முற்றிலும் புதிய நாதம் ஒன்று எழுந்ததை அவர் காது கண்டுகொண்டது. ஓர் அலையை இன்னோர் அலை வெகு வேகமாக ஆட்டினால், இரண்டிலும் இல்லாத பல புதிய சுரங்கள் தோன்றுகின்றன. இரண்டின் வேகங்களும் எளிய முழு எண் விகிதத்தில் அமைந்தால் பித்தளைக் குழலைப் போன்ற இனிய நாதமும், விகிதம் பிசகினால் மணியோசையும் பிறக்கின்றன. பள்ளிப் பாடப்புத்தகங்களில் அதிர்வெண் பண்பேற்றம் என்று நாம் படித்த அதே தத்துவம், வானொலிக்குப் பயன்பட்டது போக, சங்கீதத்துக்கும் வந்து சேர்ந்தது. சௌனிங் இதை 1973-இல் கட்டுரையாக வெளியிட்டார். அமெரிக்க ஆர்கன் நிறுவனங்கள் அக்கறை காட்டாத இந்தக் கண்டுபிடிப்பை யமஹா உரிமை பெற்று வாங்கி, பல ஆண்டுகள் உழைத்து வாத்தியமாக ஆக்கியது.

டி.எக்ஸ். 7-இல் இத்தகைய அலைகள் ஆறு. வாசிப்பவர்கள் அவற்றை ஓபரேட்டர் என்பார்கள். எது எதை ஆட்டுவது, எது நேராகக் காதுக்கு வருவது என்பதற்கு 32 விதமான இணைப்புகள் உண்டு. இணைப்புக்குப் பெயர் அல்காரிதம். ஆட்டும் அலையின் பலத்தைச் சற்றே கூட்டினால் எந்தச் சுரம் எவ்வளவு வலுக்கும், எது மறையும் என்பதைக் கணிதம் சொல்லும். ஆனால் அந்தக் கணிதத்தை மனக்கணக்காகப் போட்டுக்கொண்டே வாசிக்க எந்த வித்துவானாலும் ஆகாது. வாத்தியத்தோடு வந்த புத்தகம் ஒவ்வொரு பொத்தானும் என்னவென்று சொன்னது. எந்த எண்ணை வைத்தால் மனத்திலுள்ள ஓசை வரும் என்று சொல்லவில்லை. இதை அந்தப் புத்தகத்தின் குற்றமாக நான் கருதவில்லை. அப்போது அது யாருக்குமே முழுதாகத் தெரியாது. வாத்தியத்துக்குள் தொடக்கத்திலேயே பதிந்து வந்த சப்தங்களில் பலவற்றை, டேவ் பிரிஸ்டோ, கேரி லியூன்பெர்கர் போன்ற இசைக் கலைஞர்கள் உட்கார்ந்து, முயன்று, கேட்டு, மாற்றித்தான் உண்டாக்கினார்கள்.

ஆகவே, வாங்கியவர்கள் ஒன்றுகூடினார்கள். யமஹாவே உபயோகிப்போர் சங்கம் ஒன்றை ஆதரித்து, அதற்கென 'ஆஃப்டர் டச்' என்ற பத்திரிகையை அமெரிக்காவில் நடத்தியது. 'கீபோர்டு' போன்ற பத்திரிகைகளில் ஒரு புதிய சப்தத்துக்குரிய எண்கள் அட்டவணையாக அச்சாகும். வாசகர் அதை மடியில் வைத்துக்கொண்டு, பொத்தான் பொத்தானாக அழுத்தி ஏற்றுவார். ஒரு சப்தத்தை இப்படி ஏற்றப் பொறுமை வேண்டும். நடுவில் ஒரு தவறு நேர்ந்தால், புல்லாங்குழல் வரவேண்டிய இடத்தில் தகரத்தைத் தட்டும் ஓசை வரும். அந்த அலுப்பிலும் ஒரு நன்மை இருந்தது. 145 எண்களையும் தன் விரலாலேயே ஏற்றியவனுக்கு, எந்த எண் எங்கே இருக்கிறது என்பது தானாகவே பழகிவிட்டது.

அதே 1983-இல் மிடி என்னும் பொது மொழி வந்து, ஒரு நிறுவனத்தின் வாத்தியம் இன்னொரு நிறுவனத்தின் வாத்தியத்தோடு கம்பி வழியாகப் பேசத் தொடங்கியது. டி.எக்ஸ். 7-இன் நினைவிலுள்ள 32 சப்தங்களையும் மொத்தமாக அனுப்ப 4,104 பைட்டுகள் போதும்; நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் ஓடும் மிடிக் கம்பியில் அது ஒன்றே கால் நொடிக்குச் சற்றுக் கூடுதலான வேலை. மணிக்கணக்கில் விரலால் செய்ததைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கம்பி செய்துவிட்டது. பகிர்வு பெருகியது, கற்பது பெருகியதா என்பது வேறு கேள்வி.

சில வருஷங்களுக்கு முன், சென்னையில் தேவாலயம் ஒன்றில் நெடுநாள் கீபோர்டு வாசித்து ஓய்ந்த ஒரு பெரியவர் வீட்டில், பழைய டி.எக்ஸ். 7 ஒன்றின் முன் உட்காரும் பாக்கியம் எனக்குக் கிட்டியது. 'இ.பியானோ 1' என்ற சப்தத்தை எடுத்தார். 1980-களின் மெல்லிய காதல் பாட்டுகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் பழகிய ஓசை அது. எண்களை மாற்றிப் பார்க்க நான் கை நீட்டியதும் தடுத்தார். "தம்பி, எதையும் மாத்தாதீங்க. முதல்ல ஒவ்வொண்ணா அணைச்சுக் கேளுங்க" என்றார். கண்ணாடியில் ஆறு ஒன்றுகள் வரிசையாக நின்றன: 111111. அவர் இரண்டாவது பொத்தானை அழுத்தினார். 101111 என்று மாறியது. மறுபடி வாசித்தபோது, அந்த ஓசையின் நுனியில் கண்ணாடிக் குவளையை ஸ்பூனால் தட்டினாற்போல் ஒலித்த 'டிங்' மாயமாக மறைந்திருந்தது. பருத்த, மிருதுவான உடல் மட்டும் மிஞ்சியது. தன் கீழுள்ள முதல் அலையைவிடப் பதினான்கு மடங்கு வேகத்தில் ஓடும் இரண்டாம் அலைதான் அந்த 'டிங்'. விரலை வேகமாகப் போட்டால் அது வலுக்கிறது, மெல்லப் போட்டால் ஒடுங்குகிறது; வாசிப்பவன் உள்ளத்தை அந்த ஓசை பின்தொடர்வதாகத் தோன்றுவதன் காரணம் அது. "இதை உங்களுக்கு யார் ஐயா சொன்னது?" என்று கேட்டேன். "கூட வாசிச்ச ஒரு அண்ணன் சொன்னார், அவருக்கு யார் சொன்னாங்களோ!" என்றார்.

அன்று அவர் எனக்கு ஒரு சப்தத்தைத் தரவில்லை, காரணத்தைத் தந்தார். இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது. டி.எக்ஸ். 7-க்காக உலகெங்கும் ஆயிரக்கணக்கில் சப்தங்கள் கைமாறின. அவற்றில் பல, ஒன்றிலிருந்து ஒன்று ஓரிரு எண்களே மாறிய பிரதிகள். பெட்டி நிறையச் சப்தங்களைச் சேர்த்தவர்கள் பலர் ஒன்றையும் ஆக்கத் தெரியாமலே இருந்தார்கள். மாறாக, இங்கிலாந்தின் பிரையன் ஈனோ போன்றோர் இந்த ஒரு வாத்தியத்தோடு நெடுங்காலம் பழகித் தமக்கென ஓசைகளை ஆக்கினார்கள். கொடுக்கிறவர் 'இதை ஏற்றிக்கொள்' என்று மட்டும் சொன்னால் வாங்குகிறவர் கடனாளி ஆகிறார். 'நான்காவது அலையை ஏன் குறைத்தேன் தெரியுமா' என்றும் சொன்னால் மாணவர் ஆகிறார்.

புத்தகம் அழுத்திச் சொல்லாத சின்னச் சின்ன சங்கதிகளையும் இந்தக் கூட்டுறவே காப்பாற்றி வைத்தது. எண்களை மாற்றி அருமையான ஓசை ஒன்றை உண்டாக்கியவர், அதைச் சேமிப்பதற்குள் கைதவறி வேறு சப்தத்தின் பொத்தானைத் தொட்டுவிட்டால் உழைப்பெல்லாம் போயிற்று என்று தலையில் கை வைப்பார். 'எடிட் ரீகால்' என்று ஒரு வசதி உள்ளே இருக்கிறது, பதறாதே என்று சொல்ல அனுபவசாலி ஒருவர் வேண்டும். முதல் டி.எக்ஸ். 7 மிடியின் 16 தடங்களில் முதல் தடத்தில் மட்டுமே அனுப்பும் என்பதை அறியாமல், கம்பி கெட்டுவிட்டதென்று எண்ணிப் புதுக் கம்பி வாங்கியவர்கள் உண்டு. உள்ளே பற்றவைத்த சிறு பேட்டரி ஒன்று நினைவைக் காக்கிறது. அது ஓய்ந்தால் பதிந்ததெல்லாம் அழிந்துபோகும், ஆகவே மாற்றுவதற்கு முன் சப்தங்களை வேறிடத்தில் பத்திரப்படுத்து என்ற எச்சரிக்கையும் வாய்வழியாகவே பரவியது.

தமிழில் 'கேள்வி' என்ற ஒரே சொல், காதால் கேட்பதையும் வாயால் வினவுவதையும் சேர்த்தே குறிப்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். இந்த வாத்தியங்களைக் கற்க இரண்டுமே தேவை. 'பியானோ சரியாக வரவில்லை' என்று கேட்பவருக்கு யாராலும் உதவ முடியாது. 'மேல் கட்டைகளில் ஓசை கீறுகிறது. ஆறாம் அலையை அணைத்தால் கீறல் நிற்கிறது. ஆனால் உயிரும் போய்விடுகிறது' என்று கேட்பவருக்குப் பத்துப் பேர் ஓடிவந்து சொல்வார்கள். முதலில் காதால் கேட்டவருடைய வினாவே பதிலைக் கூட்டிக்கொண்டு வருகிறது.

டி.எக்ஸ். 7 இன்று கடைகளில் புதிதாகக் கிடையாது. ஆனால் டெக்ஸெட் என்னும் இலவச மென்பொருள் அதன் ஆறு அலைகளையும் கணினியில் திரும்ப எழுப்புகிறது. 2016-இல் வந்த கோர்க் வோல்கா எஃப்.எம். என்ற கையடக்க வாத்தியமும் அதன் பழைய சப்தங்களை ஏற்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் எவரோ ஒருவர் தம் அறையில் இரவெல்லாம் விழித்திருந்து ஆக்கிய ஓசை, அதே எண்களோடு, நம் வீட்டுக் கணினியில் ஒலிக்கிறது. அந்த ஓசைக்குப் பெயரிட அவருக்கு அந்த வாத்தியம் பத்து எழுத்துக்குத்தான் இடம் கொடுத்தது. ஏன் அப்படி ஆக்கினார் என்று எழுத இடமே கொடுக்கவில்லை. எனவே, மெல்லிசைக் குழுவிலோ தேவாலயத்திலோ வீட்டிலோ கீபோர்டு வாசித்து, நீங்களே ஒரு சப்தத்தை ஆக்கியிருந்தால், அதை நண்பருக்குக் கொடுக்கும்போது காரணத்தையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்.