இருபத்தைந்தில் ஏழாவது

நடுகல்லில் மைப்படி எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கிருஷ்ணகிரிப் பக்கம் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் நடுகற்கள் நிற்பதால், கல்வெட்டு ஆய்வாளர்கள் வந்துபோகும் ஊர்களில் சிலருக்காவது இது பழகிய காட்சியாக இருக்கும். முதலில் கல்லைத் தேய்த்துக் கழுவுவார்கள். நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, மயிர்க்கட்டை பிரஷ்ஷால் தட்டித் தட்டி, செதுக்கிய பள்ளங்களுக்குள் தாளை இறக்குவார்கள். ஈரம் கொஞ்சம் வற்றியதும் மை தோய்த்த பொதியால் ஒற்றுவார்கள். மேடெல்லாம் கறுத்துவிடும், பள்ளம் வெள்ளையாகவே நிற்கும். தாளை உரித்தெடுத்தால் வீரன், கையில் வாள், தலைக்குமேல் இரண்டு வரி எழுத்து.

அந்தத் தாளை வெறும் நகல் என்று யாரும் ஒதுக்குவதில்லை. அது கல்லைத் தொட்ட தாள். உளி எவ்வளவு ஆழம் போயிற்று, எங்கே சறுக்கியது என்பதெல்லாம் அதில் இருக்கும். வெயிலில் எடுத்த போட்டோவில் தெரியாத எழுத்தும் அதில் தெரியும்.

ஓவியர்கள் 'பிரிண்ட்' என்று சொல்கிற கலைப்பொருளைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. மரப்பலகையிலோ செப்புத் தகட்டிலோ சுண்ணாம்புக் கல்லிலோ ஓவியர் தன் கையால் செதுக்கியோ வரைந்தோ தயாரிக்கிறார். அதில் மை ஏற்றித் தாளில் எடுக்கிறார். இருபத்தைந்து தாள் எடுத்தால் இருபத்தைந்தும் மூலப்படைப்புதான். மைப்படிக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நடுகல் தனக்காக நிற்பது, தாள் அதன் சாட்சி. பிரிண்டில் தகடு கருவி மட்டுமே. தாளில் பிறப்பதுதான் படைப்பு.

இது தெரியாமல் நான் ஒருமுறை ஏமாந்தேன். ஓசூரில் டூல்ரூம் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலம். பெங்களூரில் ஒரு கடையில் கண்ணாடிச் சட்டம் போட்ட படம் ஒன்றை 'ஒரிஜினல் பிரிண்ட்' என்று சொல்லி விற்றார்கள். ஓரத்தில் எண்ணும் கையெழுத்தும் இருந்தன. ஒரு மாதச் சம்பளத்தில் பெரிய பங்கு அதற்குப் போயிற்று. மறுவாரம், வெட்டுக்கருவியின் முனை தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கிற பத்து மடங்கு லென்ஸை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று வரிசை பிசகாத புள்ளிகள், பூப்பூவாக. வீட்டுச் சுவரில் தொங்குகிற சிவகாசி காலண்டரிலும் அதே பூக்கள்தாம். யாரோ வரைந்த ஓவியத்தைக் கேமராவில் பிடித்து ஆப்செட்டில் அடித்து எண் போட்டிருக்கிறார்கள். அந்த வருத்தம்தான் என்னை இதைப் படிக்க வைத்தது.

படித்தபோது தெரிந்தது, ஓசூர்க்காரனுக்கு இதில் புதிதாகக் கற்க அதிகம் இல்லை என்பது. டாட்டா குழுமமும் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டனின் கடிகாரத் தொழிற்சாலை இருக்கிற ஊர் இது. டயல் என்ற சொல் இங்கே பல வீடுகளில் புழங்கும். கைக்கடிகார டயல்களில் எண்களையும் மெல்லிய கோடுகளையும் பதிக்கப் பரவலாகப் பயன்படுவது பேட் பிரிண்டிங். எஃகுத் தகட்டில் எழுத்து பள்ளமாக அரிக்கப்பட்டிருக்கும். மையைப் பரப்பி, பிளேடால் வழித்தால் மேற்பரப்பு துடைபடும், பள்ளத்தில் மட்டும் மை நிற்கும். சிலிக்கான் பொதி அதை ஒற்றியெடுத்து டயலில் வைக்கும்.

பொதிக்குப் பதில் ஈரத்தாளையும் இரண்டு கனத்த உருளைகளையும் வையுங்கள். ஐந்நூறு ஆண்டுப் பழமையுள்ள எச்சிங் கலை அதுதான்.

செப்புத் தகட்டை மெருகேற்றி, மெழுகும் நிலக்கீலும் கலந்த பூச்சைத் தடவுகிறார் ஓவியர். ஊசியால் அந்தப் பூச்சைக் கீறி வரைகிறார். உலோகத்தை ஊசி வெட்டவேண்டியதில்லை, பூச்சு விலகினால் போதும். பிறகு தகடு ஃபெரிக் குளோரைடு கரைசலுக்குள் போகிறது. எலெக்ட்ரானிக்ஸ் சர்க்யூட் போர்டில் செம்பை அரிக்கிற அதே திரவம். திறந்த இடத்தில் மட்டும் செம்பு கரையும். ஐந்து நிமிடம் கிடந்த கோடு மயிரிழையாக இருக்கும். அதன்மேல் வார்னிஷ் தடவி மூடிவிட்டு மற்ற கோடுகளை மட்டும் இன்னும் அரைமணி நேரம் போட்டால் அவை ஆழமாகும். ஆழமானால் மை அதிகம் பிடிக்கும். மை அதிகமானால் கறுப்பு கனக்கும். வெளிச்சத்தையும் இருட்டையும் நேரத்தால் அளக்கிற கலை இது.

அடுத்தது துடைப்பது. தகட்டைச் சூடாக்கி, பள்ளமெல்லாம் நிறையும்படி மை பூசுகிறார்கள். கஞ்சி போட்ட வலைத்துணியால் மேற்பரப்பைத் துடைத்து, கடைசியில் உள்ளங்கையாலேயே தடவி எடுக்கிறார்கள். எவ்வளவு துடைப்பது என்பது கைக்குத்தான் தெரியும். வானத்தில் கொஞ்சம் மைப்புகை விட்டுவைத்தால் அந்தி. சுத்தமாகத் துடைத்தால் நண்பகல். நனைத்த தாளை மேலே வைத்து, கம்பளியால் மூடி, உருளைகளுக்கு நடுவே ஓட்டினால் அழுத்தத்தில் தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையைக் கவ்விக்கொண்டு வரும். படம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருக்கும். அடுத்த தாளுக்கு மை பூசுவதிலிருந்து மறுபடி எல்லாம். அதனால் ஒரே தகட்டிலிருந்து வந்த இரண்டு தாள்கள் அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை.

இந்தக் கலையில் உலகம் மதிக்கும் பெயர் ஒன்று கிருஷ்ணகிரியின் எல்லையை ஒட்டிய மாவட்டத்திலிருந்து வந்தது. கிருஷ்ணா ரெட்டி 1925இல் சித்தூர் மாவட்டத்து நந்தனூரில் பிறந்தார். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் படித்தார். 1940களின் இறுதியில் சென்னைக் கலாக்ஷேத்ராவில் ஓவியத்துறையைக் கவனித்தார். பிறகு லண்டன், பாரிஸ். பாரிஸில் ஸ்டான்லி வில்லியம் ஹெய்ட்டர் நடத்திய 'அட்டெலியே 17' என்ற பட்டறையில் ஹெய்ட்டர், கைகோ மோட்டி ஆகியோரோடு சேர்ந்து அவர் வளர்த்தெடுத்த முறைக்கு விஸ்காசிட்டி பிரிண்டிங் என்று பெயர்.

அதுவரை நிறம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தகடு செய்து, தாளை ஒவ்வொன்றாக ஓட்டுவதே வழக்கம். இவர்கள் ஒரே தகட்டில் பல ஆழங்களை வெட்டினார்கள். முதலில் அடிப்பள்ளத்தில் ஒரு நிறம். பிறகு எண்ணெய் அதிகம் சேர்த்து இளக்கிய மையைக் கடினமான ரப்பர் உருளையில் ஏற்றி ஓட்டினால், உருளை அமுங்காததால் உச்சிமேடுகளை மட்டும் தொடும். மூன்றாவதாகக் கெட்டி மையை மென்மையான உருளையில் ஏற்றி ஓட்டினால் அது அமுங்கி நடுமட்டம் வரை இறங்கும். இளகிய மை இருக்கும் மேட்டில் கெட்டி மை ஒட்டாது, விலகிக்கொள்ளும். மூன்று நிறமும் ஒரே ஓட்டத்தில் தாளுக்கு வந்துவிடும். ரப்பரின் ஷோர் கடினத்தை அளக்கிற தொழிலாளியும் ஆயிலின் விஸ்காசிட்டியைப் பார்க்கிற மெக்கானிக்கும் ஓசூரில் எத்தனை பேர்! கிருஷ்ணா ரெட்டியின் பட்டறையில் அவர்கள் அரைநாளில் வேலை பழகியிருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ரெட்டி சிற்பியும்கூட. தகட்டையும் சிற்பமாகவே குடைந்தார். 1963இல் அவர் செய்த 'நீர்ச்சுழல்' பிரிண்டில் சுழலின் ஒவ்வொரு வளையமும் தகட்டில் வெட்டிய ஒரு படிக்கட்டு. 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். நியூயார்க்கில் பல ஆண்டுகள் கற்பித்து 2018இல் மறைந்தார்.

லித்தோகிராஃப் வேறு வகை. அதில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. 1790களின் இறுதியில் ஜெர்மனியின் பவேரியாவில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்தது, எண்ணெயும் தண்ணீரும் சேராது என்ற ஒற்றை உண்மையை வைத்து. அங்கே சோல்ன்ஹோஃபனில் கிடைக்கும் நுண்ணிய சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புப் பென்சிலால் வரைந்து, கல்லைப் பக்குவப்படுத்தி நனைத்து, எண்ணெய் மையை உருட்டினால் வரைந்த இடம் மட்டும் மையை ஏற்கும். கல்லுக்குப் பேர்போன நம் மாவட்டத்துக்காரர்கள் கேட்பார்கள், கிரானைட்டில் இது ஆகாதா என்று. ஆகாது. டூல்ரூமில் கறுப்பு கிரானைட் சர்ஃபேஸ் பிளேட் வைப்பதே, அது ஈரத்தையும் எண்ணெயையும் எளிதில் உறிஞ்சாது, அளவு மாறாது என்பதற்காக. லித்தோ கல் இரண்டையும் கொஞ்சம் குடிக்க வேண்டும்.

ராஜா ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி லட்சுமியையும் சரஸ்வதியையும் வீடுவீடாகச் சேர்த்தது லித்தோ கல்லின் வழியாகத்தான். அந்தப் பழைய படங்கள் இன்று விலைமதிப்புள்ளவை, சேகரிக்கத் தகுந்தவை. ஆனால் அவருடைய ஓவியத்தைப் பார்த்துக் கல்லில் எழுதியவர்கள் அச்சகத்துக் கலைஞர்கள். ஆகவே அவற்றை ரவி வர்மாவின் மூலப் பிரிண்ட் என்று யாராவது விற்றால் அது சரியல்ல.

மரச்செதுக்கும் லினோவும் மைப்படியின் நேர்த்தம்பிகள். மேட்டில் மை, பள்ளம் வெள்ளை. வங்கப் பஞ்சத்தை 1943இல் நேரில் போய் வரைந்த சித்தப்ரசாத், பின்னாளில் லினோவிலும் மரத்திலும் செதுக்கிய படங்கள் எளிய மக்களிடம் போய்ச் சேரவேண்டும் என்று நினைத்தவர். பெரும்பாலானவற்றில் எண் போட்டதில்லை, கையெழுத்தும் போட்டதில்லை. எண் இல்லாததால் ஒரு பிரிண்ட் போலி ஆகிவிடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஸ்கிரீன் பிரிண்டிங்கைக் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையிலேயே பார்த்திருப்பீர்கள், விளக்க வேண்டாம்.

ஒரு பிரிண்டைக் கையில் வாங்கியதும் எங்கே பார்ப்பது? கீழே இடப்பக்கம் பென்சிலில் 7/25 என்று இருந்தால், மொத்தம் எடுத்தது இருபத்தைந்து, இது ஏழாவது. ஏழாவதைவிட முதலாவது உயர்ந்தது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. டிரைபாயிண்ட் மட்டும் விலக்கு: ஊசியால் செம்பை நேரடியாகக் கீறும்போது ஓரத்தில் எழும் பிசிறுதான் அதன் மென்மையான கறுப்புக்குக் காரணம், சில பத்துத் தாள்களில் அது நசுங்கிவிடும். டூல்ரூமில் பிசிறை அரம் போட்டு எடுக்கிறோம். ரெம்பிராண்ட் அதை விட்டுவைத்து இருட்டு வரைந்தார். வலப்பக்கம் கையெழுத்து இருக்கும். ஏ.பி. என்று இருந்தால் ஓவியர் தனக்காக எடுத்துவைத்த படி.

எண்ணையும் கையெழுத்தையும் ஆப்செட் படத்தில்கூடப் போடலாம் என்பதைப் பணம் கொடுத்துக் கற்றவன் நான். லென்ஸைத்தான் நம்புகிறேன். எச்சிங்கில் மை தாளுக்குமேல் மெல்லிய வரப்பாக நிற்கும். தகட்டின் விளிம்பு தாளில் நாற்புறமும் அமுங்கிய தழும்பாகத் தெரியும். மரச்செதுக்கில் மரத்தின் ரேகை வரலாம். லித்தோவில் கல்லின் பொரிபொரியான மணிகள் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். பூப்பூவான புள்ளிகள் வந்தால், வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

நல்லவற்றைப் பார்த்துப் பழகாமல் லென்ஸ் மட்டும் போதாது. ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில், பெங்களூர் பேலஸ் ரோட்டில் மாணிக்கவேலு மாளிகையில் 2009இலிருந்து நவீனக் கலைக்கான தேசியக் கூடம் இருக்கிறது. ஒரு ஞாயிறு போதும். சென்னை போனால் கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையம். அங்கே பிரிண்ட் போடும் பட்டறையும் உண்டு. தேவகோட்டையில் பிறந்து, எண்களும் விமானப் பாதைகளும் நிறைந்த பிரிண்டுகளால் அறியப்பட்ட ஆர்.எம். பழனியப்பன் அந்த மையத்தின் பொறுப்பில் இருந்தவர். கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இருக்கிறது.

ஓர் ஓவியரின் கேன்வாஸை வாங்க முடியாத குடும்பம் அவருடைய பிரிண்டை வாங்கலாம், விலையை இருபத்தைந்து வீடுகள் பகிர்ந்துகொள்வதால். ஷிஃப்ட் வேலை பார்க்கிற வீட்டுச் சுவரிலும் மூலப்படைப்பு ஒன்று இருக்கட்டும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான். வாங்கும்போது எத்தனை படி எடுத்தார்கள், என்ன தாள், தகடு இப்போது எங்கே என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள். படம் உங்களுடையது, காப்புரிமை ஓவியருடையது. கம்பெனி டைரியின் அட்டையில் போட அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டுப் பிரிண்ட், கர்நாடகச் சித்ரகலா பரிஷத் ஜனவரி மாத ஞாயிறு ஒன்றில் குமாரகிருபா சாலை நெடுக நடத்தும் சித்ரசந்தையில் வாங்கியது. கும்பகோணத்தில் கவின்கலை படித்த பெண் ஒருவர் நடைபாதையில் கயிறு கட்டி மாட்டியிருந்தார். லினோவில் செதுக்கிய புளியமரம்.

"எத்தனை போட்டீங்கம்மா?"

"இருபத்தஞ்சு சார். இன்னும் போடலாம், லினோ தாங்கும். நான்தான் குறுக்கால ஒரு கோடு கிழிச்சுட்டேன். இனி எடுத்தா கோட்டோடதான் வரும்." கோட்டோடு எடுத்த ஒரு தாளையும் காட்டினார். மரத்தின் நடுவே வெள்ளைத் தழும்பு.

லென்ஸ் வைத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். தாராளமாகப் பாருங்கள் என்றார். புள்ளி இல்லை. கறுப்பின் ஓரங்களில் மை பிதுங்கிய கரை, வெள்ளைக்குள் உளி தாண்டிய இரண்டு மூன்று கீற்றுகள்.

அமிலம் இல்லாத அட்டையில் வைத்து, கண்ணாடி தாளில் படாமல் இடைவெளி விட்டுச் சட்டம் போட்டேன். வெயில் விழாத உள்சுவரில் மாட்டியிருக்கிறோம். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், மழைமாதங்களில் சுவர் குளிர்ந்து ஈரம் பூக்கும், இராமபாணப் பூச்சி தாளைத் தேடி வரும். அதனால் ஐப்பசி பிறந்ததும் படத்தை இறக்கி, பின்பக்கம் திருப்பி, பழுப்புப் புள்ளி ஏதும் வந்திருக்கிறதா என்று அதே பத்து மடங்கு லென்ஸால் பார்க்கிறேன். இதுவரை வரவில்லை.