கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? கடைக்குத் தூக்கும் முன் பாருங்கள்



நம்ம கூட்டமைப்பில் கணக்கு எழுதும் ஒரு சகோதரி வீட்டுக்குப் போன மாதம் போயிருந்தேன். பதினோரு குழுக்களின் சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. இரண்டு நாளாக அது ஆன் ஆகவில்லை. திங்கட்கிழமை வங்கிக்குக் கணக்கு கொடுக்க வேண்டும். போனில் கேட்டதற்கு ஒரு கடைக்காரர், "மதர்போர்டு போயிருக்கும், நாலாயிரம் ஆகும், உள்ளே இருக்கிறது வருமான்னு சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டார். அதற்குள் குழுவில் ஒரு அக்கா, "கணக்கு அழிஞ்சுபோச்சுன்னு சொல்லி யாரு காசை அமுக்கப் பாக்குறாங்க?" என்று கேட்டுவிட்டார். இந்தச் சகோதரிக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கம்ப்யூட்டர் ஆன் ஆகாதது வேறு, கணக்கு அழிவது வேறு. பீரோ சாவி தொலைந்தால் உள்ளே இருக்கிற நகையும் தொலைந்துவிடுமா? கணக்கெல்லாம் இருப்பது ஹார்ட் டிஸ்க் என்கிற தனிப் பாகத்தில். கரன்ட் கொடுக்கும் பாகம் கெட்டாலும், மதர்போர்டே கெட்டாலும், பெரும்பாலும் டிஸ்க் நன்றாகவே இருக்கும். அதைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கலாம்.

சரி, கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் தொட்டியில் இருந்துதானே பார்த்துக்கொண்டு வருவோம்? அதே மாதிரிதான். சுவரில் இருக்கும் ப்ளக் பாயின்ட், அப்புறம் யு.பி.எஸ்., அப்புறம் ஒயர், அப்புறம் சி.பி.யு.வுக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். என்கிற இரும்புப் பெட்டி, கடைசியில்தான் மதர்போர்டு. கரன்ட் இந்த வழியாகத்தான் போகிறது.

பாயின்டில் செல்போன் சார்ஜரைச் சொருகிப் பாருங்கள். சார்ஜ் ஏறினால் பாயின்ட் சரி. அடுத்து யு.பி.எஸ்.ஸை விட்டுவிட்டு, சி.பி.யு. ஒயரை நேராகச் சுவர் பாயின்டில் சொருகுங்கள். ஆன் ஆகிவிட்டால் கம்ப்யூட்டரில் குறையே இல்லை, யு.பி.எஸ்.தான் குற்றவாளி. அதன் பேட்டரி இரண்டு மூன்று வருடம்தான் உழைக்கும். பேட்டரி செத்துப்போன சில யு.பி.எஸ்., வீட்டில் கரன்ட் இருந்தால்கூட வெளியே விடாது. பேட்டரி மட்டும் மாற்றினால் போதும் என்பதைக் கடையில் பல பேர் சொல்வதில்லை.

மானிட்டர் ஒயரும் சி.பி.யு. ஒயரும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். இரண்டையும் மாற்றி மாட்டிப் பாருங்கள். சி.பி.யு.வின் பின்பக்கம் ஒயர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கலாம். வீடு துடைக்கும்போது கைபட்டு அணைந்திருக்கும். பழைய பெட்டிகளில் சிவப்பாக இன்னொரு சுவிட்ச், 115, 230 என்று போட்டிருக்கும். நம்ம வீட்டுக் கரன்ட் 230 வோல்ட். அதை 115 பக்கம் தள்ளி ஆன் பண்ணினால் உள்ளே வெடித்துவிடும், தொடவே வேண்டாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதன்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், ஒயரைப் பிடுங்கிவிட்டு ஆன் பொத்தானை அரை நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். உள்ளே தங்கிய கரன்ட் இறங்கிவிடும். மறுபடி மாட்டினால் சில சமயம் எழுந்துவிடும்.

ஃபேன் ஓடுகிறது, திரைதான் கறுப்பாக இருக்கிறது என்றால் அது வேறு கதை. மானிட்டர் கேபிள் லூசாக இருக்கலாம், இல்லாவிட்டால் ராம் சரியாக உட்காராமல் இருக்கலாம். பீப், பீப் என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் ராம்தான். ஒயரைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் இரும்பை ஒரு தடவை தொட்டுவிட்டு, ராமைக் கழற்றி, தங்க நிற ஓரத்தை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டினால் பல நேரம் சரியாகிவிடும். ஆன் ஆகிச் சில நொடியிலேயே அணைந்துபோனால் உள் ஃபேனில் தூசி அடைத்திருக்கலாம். பல்லி, எறும்பு விழுந்து ஷார்ட் ஆவதும் உண்டு.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். ஒயரைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆளை அடிக்கிற அளவுக்குக் கரன்ட் தங்கியிருக்கும்.

அந்தச் சகோதரி வீட்டில் மானிட்டர் விளக்கு எரிந்தது. அதுவும் அதே யு.பி.எஸ்.ஸில் இருந்ததால், பாயின்டும் யு.பி.எஸ்.ஸும் சரி என்று புரிந்தது. ஒயர் மாற்றியும் வரவில்லை, பொத்தானை அமுக்கிப் பிடித்தும் வரவில்லை. அதற்கு மேல் நாங்கள் கை வைக்கவில்லை, வேறொரு மெக்கானிக்கை வீட்டுக்கே வரச்சொன்னோம். அவர் எஸ்.எம்.பி.எஸ். ஒயரை மதர்போர்டில் இருந்து கழற்றி, பச்சையையும் கறுப்பையும் இணைத்துப் பார்த்தார். எஸ்.எம்.பி.எஸ். ஃபேன் அசையவே இல்லை. போனது அதுதான். புதுசுக்கும் கூலிக்கும் சேர்த்து 1,100 ரூபாய் ஆனது. கணக்கு ஒரு பைசா குறையாமல் அப்படியே இருந்தது.

கடைக்குக் கொடுக்க வேண்டி வந்தால், "கேட்காமல் ஃபார்மட் பண்ணக் கூடாது" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

இப்போது அந்தச் சகோதரி ஒவ்வொரு மாதமும் கூட்டம் முடிந்ததும் கணக்கை இரண்டு பென் டிரைவில் ஏற்றிவிடுகிறார். ஒன்று அவரிடம். இன்னொன்று, அன்றைக்குக் கேள்வி கேட்ட அக்காவின் பீரோவில்.