கவிழ்த்துப் பார்த்தால் ஊர் தெரியும்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. புதிதாக வருகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் விலை கேட்பார்கள். பழகியவர்கள் பாத்திரத்தை எடுத்துக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். அதன் ஜாதகம் அடியில்தான் இருக்கிறது.

அடியில் ஸ்வீடன் முத்திரை தாங்கிய தூக்குச்சட்டி செட்டிநாட்டுக்கு எப்படி வந்தது? பர்மா, மலேயா, இலங்கை என்று லேவாதேவி நடத்திய நகரத்தார், ஊர் திரும்பும்போது கப்பலில் சாமான்களும் கொண்டுவந்தார்கள். பெண்ணுக்குச் சீர் வைக்க எனாமல் தட்டு, கூஜா, அடுக்கு என்று டஜன் கணக்கில் சேர்த்தார்கள். கல்யாணத்தன்று பரப்பி வைத்துவிட்டு அறைக்குள் போட்டுப் பூட்டியதோடு சரி. அடுப்பையே பார்க்காத பாத்திரங்கள் இன்றைக்கும் கடைக்கு வருவது அதனால்தான். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனதும் அந்தச் செல்வமும் வரவும் வற்றின. பிறகு பங்காளிகள் பெருகி, ஓட்டு வேலைக்கே பணம் போதாமல் வீடுகள் இடிபட்டன. தேக்குத் தூண் ஒரு பக்கம், சாமான் ஒரு பக்கம் என்று விலைக்கு வந்தன.

அடியில் இருக்கும் முத்திரைக்கு வருவோம். ‘மேட் இன் ஜெர்மனி’ என்று பொறிக்கும் வழக்கமே பிரிட்டன் 1887-ல் போட்ட சட்டத்தால் வந்தது. ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்றால் கணக்கு இன்னும் எளிது: 1918-ல் பிறந்து 1992 கடைசியோடு மறைந்த நாடு அது. பீங்கானில் ‘நிப்பான்’ என்றிருந்தால் பெரும்பாலும் 1921-க்கு முந்தியது. அந்த ஆண்டு அமெரிக்கச் சுங்கத்துறை ‘ஜப்பான்’ என்றே போடச் சொல்லிவிட்டது. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் போர் முடிந்ததற்கும் 1952-க்கும் நடுவில் செய்தது. காரைக்குடியில் அடிக்கடி கண்ணில் படும் பெயர் ஸ்வீடனின் ‘கொக்கும்ஸ்’. அந்தப் பெயரைச் சொன்னாலே விலை ஏறுகிறது. என்னைக் கேட்டால், பெயருக்காகக் கொடுக்கும் அந்தக் கூடுதல் காசு வீண். பூச்சு நன்றாக இருக்கும் பெயரில்லாத தூக்கே போதும்.

எனாமல் என்பது இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடிப் பொடியைப் பூசி, சுமார் 800 டிகிரி சூட்டில் உருக்கி ஒட்டவைப்பது. இரும்பைப் பிடித்துக்கொள்ள முதலில் ஒரு கருநீலப் பூச்சு, அதன் மேல்தான் வெள்ளையும் பச்சையும். விளிம்பில் தெறித்த இடத்தைப் பார்த்தால் இந்த அடுக்குகள் தெரியும். தெறிப்பு கருநீலத்தோடு நின்றிருந்தால் பிழைத்தது. இரும்பு வரை போயிருந்தால் துரு உள்ளுக்குள்ளே பரவிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் நான் தெரிந்துகொள்வதற்கு முன்பு ஒரு கடையில் சிவப்பு விளிம்பு வைத்த தூக்கு ஒன்று வாங்கினேன். வீட்டில் பாலை ஊற்றிய பிறகுதான் மேடை நனைந்தது. குண்டூசி முனையளவு ஓட்டை. மெழுகு வைத்து அடைத்திருந்தார்கள். சூடான பால் மெழுகை உருக்கிவிட்டது. இப்போது எதை எடுத்தாலும் வாசலுக்கு வந்து, வாயை முகத்தோடு ஒட்டி வைத்து, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறேன். கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

வெண்கலத்துக்குக் கண்ணைவிடக் காது முக்கியம். விரல் நுனிகளில் பாத்திரத்தைத் தாங்கிக்கொண்டு முட்டியால் தட்டினால் கணீரென்று ஒலித்து, கொஞ்ச நேரம் நீண்டு அடங்க வேண்டும். ‘டொக்’ என்றால் எங்கோ கீறல் இருக்கிறது. பித்தளையின் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். எவர்சில்வர் வந்த காலத்தில் வீடுவீடாகப் பித்தளையை எடைக்குப் போட்டு மாற்றிக்கொண்டோம். உருக்குலைக்குப் போகாமல் தப்பியவைதான் இன்று அலமாரியில் அழகுப் பொருளாக நிற்கின்றன.

தேவை கூடினால் போலியும் கூடும். புதுப் பித்தளையை அமிலத்தில் நனைத்துக் கறுக்கவைத்து ‘தாத்தா காலத்து’ என்பார்கள். கறுப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தால் சந்தேகப்படுங்கள். புழங்கிய பாத்திரம் கை பட்ட இடத்தில் வழவழப்பாகவும், இடுக்கில் களிம்பு ஏறியும் இருக்கும். கரண்டி இன்னும் நல்ல சாட்சி: வலக்கையால் வழித்து வழித்துக் கிண்டிய கரண்டியின் இடப்பக்க நுனி சாய்வாகத் தேய்ந்திருக்கும். அந்தச் சாய்வைப் போலியாகச் செய்ய யாருக்கும் பொறுமை கிடையாது.

வாங்கியதில் சமைக்கலாமா? பித்தளையில் புளி சேரும் சமையல் என்றால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள், காரீயம் நஞ்சு. ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்துவிடாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். பழைய எனாமலில் சிவப்பு, மஞ்சள் நிறங்களுக்குக் காட்மியம் கலப்பதுண்டு. அந்த நிறம் உள்பக்கம் இருந்தால் சாப்பாட்டுக்கு வேண்டாம். பூச்சு தெறித்ததும் அப்படியே.

வெளிநாட்டு உறவினருக்குக் கொடுத்தனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நூறாண்டு கடந்த கைவினைப் பொருள்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடும். அப்படி வருவதைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது.

பெரும்பாலான பித்தளை, வெண்கலச் சாமான்களில் வீட்டு விலாசத்தின் முதலெழுத்துகள் வெட்டியிருக்கும். சிற்றுளியால் புள்ளி புள்ளியாகக் கையால் வெட்டியவை முந்தியவை. மெஷின் எழுத்து பிந்தியது. பெயர் வெட்டியிருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறவர்கள் உண்டு. நான் அந்த எழுத்துகளைத் தேடித்தான் வாங்குகிறேன்.

ஓட்டைத் தூக்கை வீசவில்லை. சமையலறை ஜன்னலோரம் இருக்கிறது. அதில் சின்ன வெங்காயம் போட்டு வைத்திருக்கிறோம்.