இரவிகுளத்திற்குக் கேரவனில்: புறப்படுமுன் சில கணக்குகள்

மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள பழைய கட்டடங்களில் ஒரு ஸ்கூட்டரை நிறுத்தவே இடம் அரிது. அத்தகைய தெரு ஒன்றில் வசிக்கும் நாங்கள் கேரவனில் விடுமுறை செல்வது பற்றிப் பேசத் தொடங்கியபோது, பத்து வயது மகளே முதலில் நகைத்தாள். கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி என்பதுதானே நம்மவர் அறிந்த பொருள்! ஆயினும் எங்களுக்கு அதில் ஒரு தேவை இருந்தது. 72 வயதான அம்மாவுக்கு முழங்கால் வலி; சாலைப் பயணத்தில் அடிக்கடி தூய்மையான கழிப்பறை வேண்டும். அக்காரணத்தாலேயே பல ஆண்டுகளாக அவர் எந்த மலைக்கும் வந்ததில்லை. வரையாட்டை ஒருமுறை நேரில் காண வேண்டும் என்னும் ஆசையை மட்டும் அவர் விடவில்லை.

வரையாடு மிகுதியாக வாழும் இடம் மூணாறை அடுத்த இரவிகுளம் தேசியப் பூங்கா. தேயிலைத் தோட்டத் துரைமார்களின் வேட்டைக்களமாக இருந்த இந்த மேட்டுநிலம் 1975-இல் சரணாலயமாகவும், 1978-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. பரப்பு 97 சதுர கிலோமீட்டர். 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி இதன் தென்பகுதியில் நிற்கிறது. மரங்கள் அடர்ந்த காட்டை எதிர்பார்த்துச் செல்வோர் வியப்படைவர். கண்ணுக்கெட்டிய தூரம் காற்றில் அலைபாயும் புல்லும், பள்ளங்களில் மட்டும் ஒடுங்கி நிற்கும் சோலைக்காடுகளும், எந்நேரமும் இறங்கக் காத்திருக்கும் மூடுபனியுமே அங்குள்ளவை. இங்கிலாந்தின் டார்ட்மூர் போன்ற மேட்டுப் புல்வெளிகளைக் கண்டவர்களுக்கு இக்காட்சி புதிதாகத் தோன்றாது.

எங்கள் முதல் முயற்சி சென்ற ஆண்டு மார்ச்சில் தோல்வியுற்றது. மகளின் தேர்வு முடியும் நாளைப் பார்த்தோம், ரயிலில் இடம் பார்த்தோம், முகவர் ஒருவரிடம் வண்டிக்கு முன்பணமும் செலுத்தினோம். பூங்காவின் நாட்காட்டியை மட்டும் பார்க்கவில்லை. வரையாடுகள் குட்டி ஈனும் பருவம் என்பதால், வழக்கமாகப் பிப்ரவரி தொடக்கம் முதல் மார்ச் இறுதி வரை இரவிகுளம் பார்வையாளர்களுக்கு மூடப்படுகிறது. நுழைவுச்சீட்டு பெற முயன்ற இரவில்தான் இது தெரிந்தது. முன்பணத்தில் பாதியே திரும்பியது. முகவர் எச்சரித்திருக்கலாம், எனினும் கேட்க வேண்டியவர்கள் நாங்கள்.

ஆகவே இரண்டாம் முறை கணக்கைத் தலைகீழாகப் போட்டோம்: முதலில் பூங்கா, பிறகு வண்டி, இறுதியில் பணம்.

மும்பைக் குடும்பங்களுக்கு வாய்க்கும் விடுமுறைகள் சிலவே. தீபாவளி விடுமுறையில் அங்கு வடகிழக்குப் பருவமழை பெய்யக்கூடும். கிறிஸ்துமஸ் வாரத்தில் வானம் தெளிவு, ஆனால் குளிரும் கூட்டமும் கடுமை. ஜூன் முதல் ஆகஸ்டு வரை மலைச்சாலையில் மண்சரிவு அச்சம் உண்டு. கனமழை எச்சரிக்கை நாட்களில் இடுக்கி மாவட்ட நிர்வாகம் இரவுப் பயணத்துக்குத் தடை விதிப்பதும் உண்டு. பூங்கா மீண்டும் திறக்கும் ஏப்ரல் எங்களுக்குப் பொருந்தியது. பிற்பகலில் கோடை இடி மழை வரும்; ஆதலால் காலை நேரச் சீட்டையே பெறுதல் நன்று.

அடுத்த உண்மை சற்று ஏமாற்றமளிப்பது. கேரவனைப் புல்வெளியின் நடுவே நிறுத்தி, விடியலில் கதவைத் திறந்ததும் வரையாட்டைக் காண்பது விளம்பரப் படங்களில் மட்டுமே நடக்கும். இரவிகுளத்தினுள் தனியார் வண்டிகளுக்கு அனுமதியில்லை. மூணாறு-மறையூர் சாலையிலுள்ள நுழைவிடத்தில் இறங்கி, வனத்துறையின் பேருந்தில்தான் ராஜமலைக்குச் செல்ல வேண்டும். டார்ட்மூரிலும் சாலையோரத்திலோ வண்டி நிறுத்துமிடத்திலோ கேரவனில் இரவு உறங்க உரிமையில்லை. அனுமதி பெற்ற முகாம்களையே நாட வேண்டும். ஆதலின் கேரவன் விடுமுறையின் முதல் கேள்வி, வண்டி இரவில் எங்கே நிற்கும் என்பதே.

2021-இல் கேரள அரசும் மகாராஷ்டிர அரசும் கேரவன் சுற்றுலாவுக்கெனக் கொள்கை வகுத்தன. கேரளக் கொள்கையின்படி ஒரு கேரவன் பூங்காவுக்குக் குறைந்தது 50 சென்ட் நிலமும் 5 வண்டிகள் நிற்க இடமும் வேண்டும். வண்டிகள் இருவருக்கானவை, நால்வருக்கானவை என இரு வகை. படுக்கை, சிறு சமையலிடம், குளிர்பதனப் பெட்டி, கழிப்பறை ஆகியவை உள்ளே அமைந்திருக்கும். மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா 2022-இல் இடுக்கி மாவட்டத்து வாகமணில் திறக்கப்பட்டது. மூணாறுப் பகுதியில் தங்க விரும்புவோர், கேரவனுக்கு மின் இணைப்பும் தண்ணீரும் கழிவு அகற்றும் வசதியும் தரும் விடுதி வளாகத்தை முன்கூட்டியே உறுதி செய்தல் வேண்டும். மின் இணைப்பு இல்லையேல் இரவெல்லாம் என்ஜினை ஓடவிட நேரும். அது நமக்கும் அண்டை அயலார்க்கும் துன்பம்.

கழிவுத் தொட்டியைப் பற்றிப் பேசுவது நாகரிகமன்று என்று பலர் கேட்காமல் விடுகின்றனர். நாங்கள் கேட்டோம். இரவிகுளத்து ஓடைகள் மேற்கே பெரியாற்றுக்கும் சாலக்குடி ஆற்றுக்கும், கிழக்கே காவிரிக்கும் நீர் கொடுப்பவை. இத்தகைய மலையின் வளைவு ஒன்றில் இரவோடிரவாகத் தொட்டியைத் திறந்துவிடும் ஓட்டுநரை நாம் அமர்த்திக்கொள்ளலாகாது. தொட்டி எங்கே, எத்தனை நாளுக்கொருமுறை காலி செய்யப்படும் என்று நேரடியாகக் கேட்டபோது, விசாரித்த மூன்று உரிமையாளர்களில் ஒருவர்தான் தெளிவான விடை தந்தார். அவரிடமே வண்டி அமர்த்தினோம். ஓட்டுநர் இரவில் எங்கே உறங்குவார் என்பதையும் அவ்வாறே கேட்டுத் தீர்த்துக்கொண்டோம். உறக்கமின்றி மலைச்சாலையில் வண்டியோட்டுபவரிடம் குடும்பத்தை ஒப்படைக்க இயலாதல்லவா?

வண்டியின் எண் பலகையைக் கவனித்தல் இன்றியமையாதது. வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. நாமே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை கொண்ட சொந்த வண்டியைச் சிலர் குறைந்த வாடகைக்குத் தருவர். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர மறுக்கக்கூடும். மிச்சப்படுத்திய சில ஆயிரங்கள் அப்போது பயன்படா. மும்பையிலேயே வண்டி அமர்த்தி மாநில எல்லைகளைக் கடக்க எண்ணுவோர், அகில இந்தியச் சுற்றுலா அனுமதியும் இருக்கிறதா எனக் கேட்க வேண்டும். எங்கள் கருத்தில் அவ்வளவு தொலைவைச் சாலையில் கடப்பது வீண். லோக்மான்ய திலக் முனையத்திலிருந்து நேத்ராவதி விரைவு ரயிலில் கொங்கண் கரையை வேடிக்கை பார்த்தபடி ஆலுவாயில் இறங்கி, அங்கே கேரவனில் ஏறினோம். கோதமங்கலம், நேரியமங்கலம், அடிமாலி வழியே மூணாறு ஏறத்தாழ 110 கிலோமீட்டர்.

முன்பணத்தைத் தனிநபரின் கைப்பேசி எண்ணுக்கு அனுப்பாமல், நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்கிற்கே செலுத்தினோம். பயணத்தை நீக்கினால் எவ்வளவு திரும்பும் என்பதை இம்முறை எழுத்தில் பெற்றோம். பணத்தைத் திருப்பித் தருகிறோம், பின் எண்ணை இடுங்கள் என்று எவரேனும் சொன்னால் ஐயமின்றி அது மோசடி. யுபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். செலவு முழுவதையும் ஓராண்டுத் தொடர் வைப்பிலிருந்து எடுத்தோம். விடுமுறைக்கெனக் கடன் வாங்குவதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

கேரவன் வாடகை எல்லார்க்கும் எட்டுவதன்று என்பதையும் மறைப்பதற்கில்லை. 2020-இன் இறுதியில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் தன் பழைய பேருந்துகளில் படுக்கைகள் அமைத்து, மூணாறு பணிமனையில் நிறுத்தி, ஒரு படுக்கையை 100 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டது. இளைஞர்களுக்கு அத்தகைய ஏற்பாடே போதும்.

ஏப்ரலில் ஒரு நாள் காலை, வனத்துறைப் பேருந்து எங்களை ராஜமலையில் இறக்கிவிட்டது. அங்கிருந்து மேட்டுச் சாலையில் நடக்க வேண்டும். அம்மா இருநூறு அடி நடந்து, ஓரத்துத் திட்டில் அமர்ந்துவிட்டார். இனி இயலாது, நீங்கள் போய் வாருங்கள் என்றார். நாங்கள் தயங்கி நின்ற வேளையில் மூடுபனி விலகியது. பாறைச் சரிவிலிருந்து பெண் வரையாடு ஒன்று, அவ்வாண்டுக் குட்டியுடன் இறங்கி வந்து, பத்தடித் தொலைவில் புல் மேயத் தொடங்கியது. குட்டி எங்களைப் பார்த்தது, தாய் பொருட்படுத்தவில்லை. சென்ற மார்ச்சில் கதவு திறந்திருந்தால் இக்குட்டி நிற்குமா என்று மகள் கேட்டாள்.

பிற்பகல் மழை தவறாமல் வந்தது. கேரவன் கூரையில் அது விழும் ஓசையைக் கேட்டபடி, தேநீர் அருந்திக்கொண்டிருந்த அம்மா, நீலக்குறிஞ்சி அடுத்து எப்போது பூக்கும் என்று விசாரித்தார். 2018-இல் பூத்தது, இனி 2030 என்றோம். மாட்டுங்கா திரும்பிய வாரமே, 2030 ஜூனில் முதிரும்படி தம் பெயரில் ஒரு தொடர் வைப்பைத் தொடங்கச் செய்தார்.